பட்டியலில் இல்லாத பிஸ்கட் கூடைக்குள் வந்த வழி: பார்வைக் கவனமும் திட்டமிடாத உணவுக் கொள்முதலும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பால், முட்டை, எண்ணெய், வெங்காயம் என்று நான்கே பொருள் எழுதிய பட்டியலோடு ஒருவர் பல்பொருள் அங்காடிக்குள் போகிறார். வெளியே வரும்போது பில்லில் ஏழு வரிகள். உப்பு, பிஸ்கட், சாக்லேட் மூன்றும் பட்டியலில் இல்லாதவை. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால் இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக வரும் பதில்தான் வருகிறது: "கண்ணில் பட்டது, எடுத்தேன்."

அந்தக் 'கண்ணில் பட்டது' என்பதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதே இங்கே கேள்வி. அவர் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கண்ணாடி அணிந்திருந்தார் என்று கொள்வோம். கீழே வருவது குறிப்பிட்ட ஒரு மனிதரின் பதிவு அல்ல. இத்தகைய பதிவுகளில் எதிர்ப்படக்கூடிய நான்கு வகை நடத்தைகளை ஒரே நடையில் கோத்த மாதிரி நிகழ்வு. அதிலுள்ள நொடிக் கணக்குகள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லும் முடிவுகள் வெளியான ஆய்வுகளுடையவை.

பதிவில் தெரிவது

எண்ணெய் இருக்கும் ரேக்கை நோக்கி நடக்கும்போது பக்கத்திலிருக்கும் உப்புப் பாக்கெட்டில் பார்வை ஒரே ஒரு முறை, கால் நொடிக்கும் குறைவாக நிற்கிறது. பிறகு எண்ணெய்க்குப் போய்விடுகிறது. எண்ணெயைக் கூடையில் வைத்ததும் நேராக உப்பிடம் திரும்பி எடுத்துக்கொள்கிறார். ஒப்பிடவில்லை, விலைச் சீட்டைப் பார்க்கவில்லை.

பழச்சாறு இருக்கும் இடத்தில் நிற்கிறார். ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தில் சர்க்கரை அளவைப் படிக்கிறார். ஆறு நொடிக்குப் பிறகு திரும்ப வைத்துவிடுகிறார்.

பிஸ்கட் ரேக்கின் முனையில் அடுக்கியிருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரத்தில் முதல் பார்வை, மூன்றில் ஒரு நொடி. சில அடி எடுத்துவைத்துக் கடந்துபோகிறார். தலை திரும்புகிறது, மறுபடி பார்க்கிறார், கால் நிற்கிறது. அரை மீட்டருக்குள் நெருங்கிய பிறகு பார்வை நடுவிலுள்ள பாக்கெட், இடப்பக்கம், மீண்டும் நடு, விலைச் சீட்டு, மீண்டும் நடு என்று தாவுகிறது. நான்கு நொடி. கடைசி முக்கால் நொடி பார்வை நடுப் பாக்கெட்டிலேயே நிற்க, கை போய் எடுக்கிறது.

சாக்லேட் பில் போடும் வரிசையில் இருக்கிறது. நாற்பது நொடி காத்திருக்கும்போது எட்டு ஒன்பது குட்டிக் குட்டிப் பார்வைகள், ஒவ்வொன்றும் அரை நொடிக்குள். எட்டும் தூரத்தில் இருப்பதால் கால் நகரவே தேவையில்லை.

மொத்தப் பார்வை நேரத்தைக் கூட்டினால் முதலிடம் பழச்சாறுக்கு, அதை அவர் வாங்கவில்லை. கடைசி இடம் உப்புக்கு, அதை ஒரு கணமும் தயங்காமல் வாங்கினார். 'அதிகம் பார்த்தார், அதனால் வாங்கினார்' என்று ஒரே எண்ணை வைத்து எழுதும் அறிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான். கடையில் பார்வை மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது: ஒரு பொருள் இருப்பதைக் கண்டுகொள்வது, வாங்கலாமா என்று எடைபோடுவது, எடுக்கப் போகும் கையை வழிநடத்துவது. முதலிரண்டும் முடிவுக்கு முன்னால் நடப்பவை. மூன்றாவது முடிவின் விளைவு. மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டினால், காரணத்தையும் விளைவையும் சேர்த்தே எண்ணிவிடுகிறோம்.

கண் எவ்வளவு பார்க்கிறது

பார்வைப் புலத்தில் கூர்மையாகத் தெரிவது நடுவிலுள்ள சுமார் 2 பாகை (டிகிரி) மட்டுமே. ஒரு மீட்டர் தூரத்தில் அது 3.5 சென்டிமீட்டர், அதாவது ஒரு பாக்கெட்டின் பெயரெழுத்துகளை ஒட்டிய பகுதி. அதைத் தாண்டினால் நிறமும் வடிவமும் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும்போது தெளிவாக எதுவும் தெரிவதில்லை. தாவல்களுக்கு இடையே 200 முதல் 300 மில்லிநொடி வரை நிலைக்கும்போதுதான் விவரம் உள்ளே போகிறது. நூற்றுக்கணக்கான பொருள்கள் அடுக்கிய ரேக்கைச் சில நொடியில் கடப்பவர் அவற்றில் மிகச் சிலவற்றையே உண்மையில் 'பார்த்திருக்கிறார்'. மற்றவை அவருக்கு இல்லாதவையே.

எங்கே தாவுவது என்பதை இரண்டு விசைகள் இழுக்கின்றன. நிறமாறுபாடு, வெளிச்சம், அளவு போன்ற வெளித்தோற்றம் ஒன்று. மனதில் இருக்கும் வேலை இன்னொன்று. கண்ணசைவு ஆய்வாளர் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வெவ்வேறு கேள்விகள் கேட்டபோது கண் போன பாதையே மாறியது. 1967இல் ஆங்கிலத்தில் வந்த அந்தப் பதிவுகள் இன்றும் பாடமாக இருப்பது இதனால்தான். பட்டியலில் உள்ள பொருளைத் தேடும்போது வேலை ஆள்கிறது. தேடல் முடிந்து நடக்கும் இடைவெளிகளிலும் வரிசையில் நிற்கும்போதும் வெளித்தோற்றத்துக்கு வழி திறக்கிறது. நம் நிகழ்வில் பிஸ்கட்டும் சாக்லேட்டும் கண்ணில் பட்டது அப்படிப்பட்ட இடைவெளிகளில்தான்.

திட்டமிடாதது என்று எப்படிச் சொல்வது

திட்டமிடாத கொள்முதலுக்கு 1962இல் ஆய்வாளர் ஸ்டெர்ன் வகுத்த பிரிவு இன்னும் பயன்படுகிறது: வழக்கத்தை மீறிய தூய உந்துதல், தீர்ந்துபோனது நினைவுக்கு வந்து வாங்குவது, முதன்முறை பார்த்துத் தேவை தோன்றி வாங்குவது, 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனதில் இடம் விட்டு வருவது. உப்பு இரண்டாம் வகை. அதில் பார்வை நினைவூட்டுகிறது, ஆசையைக் கிளப்புவதில்லை. உப்பையும் சாக்லேட்டையும் ஒரே 'ஆம்' என்று குறியிட்டால் பார்வையின் பங்கு மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் அது வேறு வேலை செய்கிறது.

நடைமுறையில் மூன்று படிகள் வேண்டும். நுழைவதற்கு முன் வாங்க வந்ததைக் கேட்டு எழுதுவது, வெளியே வந்ததும் பில்லோடு ஒப்பிடுவது, கூடுதலாக வந்த ஒவ்வொன்றுக்கும் 'வீட்டில் தீர்ந்திருந்ததா, எப்போது நினைத்தீர்கள்' என்று கேட்பது. முதல் படியிலேயே ஒரு சிக்கல் உண்டு. வாய்விட்டுப் பட்டியல் சொன்னவர் அதற்குக் கட்டுப்பட்டு நடக்க முயல்கிறார், திட்டமிடாதவை குறைவாகத் தெரிகின்றன. பட்டியலை மேலோட்டமாகச் சொன்னாலோ எதிர்த்திசையில் பிழை வருகிறது. 'காலை உணவுக்கு ஏதாவது' என்பதை எழுதாமல் விட்டால் அந்த வகை முழுதும் திட்டமிடாததாகிவிடும். எனவே பிராண்டு வரை முடிவானது, பொருள்வகை மட்டும் முடிவானது, எதுவும் முடிவாகாதது என்று மூன்று நிலையாக எழுத வேண்டும். ஒரு பகுதியினரிடம் முன்கேள்வியே கேட்காமல் பில்லை மட்டும் வாங்கி, இரு குழுவின் கூடை அளவையும் ஒப்பிட்டால் கேள்வியின் தாக்கம் எவ்வளவு என்று தெரியும். இந்த ஒப்பீட்டுக் குழு செலவு குறைந்தது, ஆனாலும் எளிதில் விட்டுப்போகிறது.

அளவு எவ்வளவு பெரியது என்பதற்கு இன்மன், வைனர், ஃபெராரோ மூவரின் 2009 ஆய்வு ஒரு குறியீடு: ஒரு கொள்முதல் திட்டமிடாததாக இருக்கும் அடிப்படை வாய்ப்பு 0.46, சூழல் காரணிகள் சேரும்போது அது 0.93 வரை போகிறது. பொருள்வகை, வாங்குபவர், கடைக்குள் அவர் செய்வது எல்லாம் சேர்ந்த எண் அது. பார்வைக்கு மட்டும் உரியதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவி ஏமாற்றும் இடங்கள்

கண்ணசைவுக் கண்ணாடிகள் அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, பாவையையும் (விழியின் நடுக் கரும்புள்ளி) விழியில் தெறிக்கும் ஒளிப்புள்ளியையும் படம்பிடித்துப் பார்வைத் திசையைக் கணக்கிடுகின்றன. நொடிக்கு 50 அல்லது 100 மாதிரி (கண்ணின் நிலைப் பதிவு) எடுப்பவை பரவலாகப் பயன்படுகின்றன. துல்லியம் ஒரு பாகை என்றால் ஒரு மீட்டரில் 1.75 செ.மீ., இரண்டு மீட்டரில் 3.5 செ.மீ. பிழை. 6 செ.மீ. அகலப் பாக்கெட்டை இரண்டு மீட்டரிலிருந்து பார்த்தவர் அதைத்தான் பார்த்தாரா, பக்கத்துப் பாக்கெட்டையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தூரப் பார்வைகளைப் பொருள்வகை அளவிலும், ஒரு மீட்டருக்கு உள்ளானவற்றைப் பாக்கெட் அளவிலும் குறியிடுவதே நேர்மையானது. நம் நிகழ்வில் பிஸ்கட்டின் முதல் பார்வை 'பிஸ்கட் அடுக்கு' என்றுதான் பதிவாக வேண்டும், 'நடுப் பாக்கெட்' என்றல்ல.

கீழ்த்தட்டைப் பார்க்கும்போது இமை தாழ்ந்து பாவையை மறைப்பதால் மாதிரிகள் விழுந்துபோகின்றன. விளைவு, கீழ்த்தட்டுப் பொருள்களை யாரும் பார்க்கவில்லை என்பது போன்ற பொய்த்தோற்றம். தட்டு வாரியாக இழந்த மாதிரிகளின் விகிதத்தைத் தனியாகக் கணக்கிடாமல் 'கண்மட்டத் தட்டுக்கே கவனம்' என்று எழுதக் கூடாது. கண்ணாடிச் சுவர் வழியே வரும் வெயிலின் அகச்சிவப்பும், கண்மையும், பல்குவியக் கண்ணாடிகளும் இதே போலத் தொல்லை தரும். தொடக்கத்தில் ஒரு முறை அளவுதிருத்தம் செய்துவிட்டு அனுப்பினால் போதாது. மூக்கில் கண்ணாடி சிறிது நழுவினாலும் எல்லாப் புள்ளிகளும் ஒரே பக்கம் விலகும். நடுவிலும் முடிவிலும் ஒரு மீட்டர் தூரத்தில் குறியட்டையைக் காட்டி விலகலை அளந்து எழுதிவைக்க வேண்டும்.

கண் ஓரிடத்தில் நிற்கும் நிலைப்பைத் தாவலிலிருந்து பிரித்தெடுக்கும் மென்பொருள் வடிகட்டியிலும் ஒரு பொறி இருக்கிறது. திரைமுன் உட்கார்ந்து செய்யும் ஆய்வுகளுக்கு கண் நொடிக்கு 30 பாகைக்கு மேல் நகர்ந்தால் தாவல் என்ற வேக வரம்பு வழக்கம். நடப்பவர் ஒரு பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாலும் தலை அசைவை ஈடுகட்டக் கண் எதிர்த்திசையில் சுழல்கிறது. 30 பாகை வரம்பு அதைத் தாவல் என்று எண்ணி, நீண்ட ஒரு பார்வையைத் துண்டுதுண்டாக்கும். நடமாடும் பதிவுகளுக்கு 100 பாகை அளவிலான வரம்பு பொருத்தமானது. வரம்பை மாற்றினால் 'எத்தனை முறை பார்த்தார்' என்ற எண்ணே மாறும். ஆகவே எந்த வரம்பு என்று சொல்லாத அறிக்கையின் எண்ணிக்கைகளை ஒப்பிட முடியாது.

கண்ணாடி அணிந்திருக்கிறோம் என்ற நினைப்பே பார்வையை மாற்றும். ரிஸ்கோவும் கிங்ஸ்டனும் 2011இல் காட்டியபடி, தம் கண் பதிவாகிறது என்று அறிந்தவர்கள் சங்கடமான படத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். தன் உடல்நலத்தைப் பற்றி யாரும் ஏதும் நினைத்துவிடக் கூடாது என்று இனிப்பு அடுக்கைத் தவிர்ப்பவரும் இருப்பார். முதல் சில நிமிடப் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஓரளவுக்குத்தான் உதவும்.

கை கிளம்பும் கணத்தில் வெட்டுவது

இதுதான் இந்த ஆய்வின் மையம், அதிக உழைப்பு கேட்பதும் இதுவே. எந்தப் பொருளை எடுத்தாலும் கண் கையைவிட முன்னதாக அங்கே போய்விடுகிறது. லேண்டும் சகாக்களும் 1999இல் தேநீர் தயாரிப்பவர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தபோது, கை ஒரு பொருளைக் கையாளத் தொடங்குவதற்கு ஏறக்குறைய அரை நொடி முன்பே பார்வை அதில் போய்ச் சேர்ந்திருந்தது. அங்காடியிலும் அதே உடல், அதே கண். வாங்கிய பொருள் ஒவ்வொன்றுக்கும் இந்த 'எடுக்கும் பார்வை' இலவசமாகச் சேருகிறது, எடுக்காமல் விட்டதற்குச் சேருவதில்லை. இதை நீக்காமல் ஒப்பிட்டால் வாங்கியவை பெரும்பாலும் அதிகம் பார்க்கப்பட்டவையாகத்தான் இருக்கும்.

செய்முறை: காட்சிக் கேமரா நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்றால் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி. கை கூடையையோ உடம்பையோ விட்டுப் பொருளை நோக்கிக் கிளம்பும் முதல் சட்டகத்தைக் குறிக்க வேண்டும். அந்த நேரத்திலிருந்து அரை நொடி பின்னோக்கிப் போய் அங்கே கோடு போட வேண்டும். கோட்டுக்கு முந்தையதே கவனக் கணக்கில் சேரும். பாக்கெட் கையில் இருக்கும்போது படிப்பது அட்டவணையில் தனிப் பத்தி, ஏனென்றால் அங்கே போட்டியிடும் பொருள்கள் பார்வையில் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுவது அவசியம். இருவரின் கோடும் ஐந்து சட்டகத்துக்கு மேல் விலகினால் மூன்றாமவர் பார்க்க வேண்டும். அரை நொடி என்பதை 0.3, 0.8 என்றும் மாற்றிப் போட்டு முடிவு நிலைக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நம் நிகழ்வில் கோடு போட்ட பிறகு பிஸ்கட்டின் நான்கு நொடியில் மூன்றரைக்குக் குறைவாகவே எஞ்சுகிறது. பழச்சாறின் ஆறு நொடியில் பெரும்பகுதி கையில் வைத்துப் படித்தது, எனவே அது தனிப் பத்திக்குப் போகிறது. எஞ்சுவதில் பளிச்சென்று தெரியும் ஒன்று: பிஸ்கட்டைக் கடந்துபோனவர் திரும்பிப் பார்த்தார். சாக்லேட்டையும் விட்டுவிட்டு விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முதல் பார்வையை நிறமும் இடமும் இழுத்திருக்கலாம். வேறொன்றைப் பார்த்துவிட்டு மீண்டும் வருவது அந்தப் பொருள் பரிசீலனைக்குள் நுழைந்துவிட்டதன் அடையாளம். சாண்டனும் சகாக்களும் 2009இல் 'ஒரு முறையாவது பார்த்தார்', 'மறுபடி பார்த்தார்' என்று இரண்டு தனி அளவுகளாக வைத்ததன் பயன் இங்கே புரியும்.

பார்வை விருப்பத்தை உண்டாக்குமா

விரும்பியதால் பார்க்கிறோமா, பார்த்ததால் விரும்புகிறோமா என்பதைக் கடைப் பதிவு மட்டும் பிரித்துச் சொல்லாது. பார்வை நேரத்தை ஆய்வாளரே மாற்றிப் பார்க்க வேண்டும். ஆர்மெல், போமெல், ரேங்கல் 2008இல் ஒரு பொருளை 900 மில்லிநொடியும் மற்றதை 300 மில்லிநொடியும் மாறி மாறிக் காட்டினார்கள். பிடித்த பொருளானால் அதிகம் காட்டப்பட்டது கூடுதலாகத் தேர்வானது. பிடிக்காத பொருளானால் அதிகம் காட்டப்பட்டது குறைவாகத் தேர்வானது. பார்வை ஆசையை எங்கிருந்தோ கொண்டுவருவதில்லை. இருக்கும் மதிப்பைப் பெருக்குகிறது, அது கூட்டலானாலும் கழித்தலானாலும். சர்க்கரை அளவைப் படித்தபின் பழச்சாறு ரேக்குக்கே திரும்பியதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

2010இல் கிராய்பிக், ஆர்மெல், ரேங்கல் இதைக் கணக்கு வடிவமாக்கினார்கள். இரண்டு தின்பண்டங்களில் ஒன்றைத் தேர்வுசெய்யும்போது, அந்தக் கணத்தில் பார்க்காத பொருளின் மதிப்பு சுமார் 0.3 பங்காகச் சுருங்கியே கணக்கில் சேருகிறது. இப்படி மனதில் ஒரு பொருளின் பக்கம் சேரும் ஆதாரம் ஓர் எல்லைக்கோட்டைத் தொட்டதும் முடிவு. இரண்டின் மதிப்பும் ஏறத்தாழ சமமாக இருக்கும்போது பார்வை எங்கே நிற்கிறது என்பது முடிவைத் தீர்மானிக்கும். வித்தியாசம் பெரிதென்றால் அதிகம் மாற்றாது. மிலோசாவ்லிவிச்சும் சகாக்களும் 2012இல் இன்னொரு கண்ணியைச் சேர்த்தார்கள்: முடிவு வேகமாக எடுக்கப்படும்போது வெளித்தோற்றப் பளிச்சின் பங்கு கூடுகிறது, மனம் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் கூடுகிறது. பில் வரிசையில் பணப்பையைத் தேடிக்கொண்டு நிற்பவரின் நிலை இதற்கு நெருக்கமானது.

அங்காடிக்குள் கிட்லோஃபும் சகாக்களும் 2017இல் செய்த ஆய்வு, வாங்குவோரின் விருப்பத்தையும் அடுக்கின் தன்மைகளையும் கணக்கில் எடுத்த பிறகும் நீண்ட நேரமோ பல முறையோ பார்ப்பதே வாங்குதலோடு வலுவாகப் பிணைந்திருந்ததாகச் சொல்கிறது. வெளித்தோற்றப் பளிச்சை மட்டும் கணினியில் அளந்தால் அந்தக் கவனம் பிடிபடாது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இடம், அளவு, பணம்

சாண்டன் ஆய்வில் ஒரு பிராண்டின் முகப்பு எண்ணிக்கை (தட்டின் முன்வரிசையில் தெரியும் பாக்கெட்டுகள்) கூடியபோது கவனம் கூடியது, கவனத்தின் வழியே மதிப்பீடும் உயர்ந்தது. மேல்தட்டும் நடுத்தட்டும் கீழ்த்தட்டைவிடக் கவனம் பெற்றன, ஆனால் மேல்தட்டில் மட்டுமே அது மதிப்பீடு வரை போனது. நடுத்தட்டில் கவனம் கவனமாகவே நின்றுவிட்டது. அட்டலே, போதுர், ரசோலோஃபோரிசன் 2012இல் கண்டது வேறு கோணம்: கிடைமட்ட வரிசையில் நடுவிலிருப்பதை, குறிப்பாகத் தேர்வுக்கு முந்தைய கடைசி நொடிகளில், கண் அதிகம் நாடுகிறது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது தெரிவதில்லை. 'ஏன் இதை எடுத்தீர்கள்' என்ற கேள்விக்கு வரும் பதிலை மட்டும் நம்பி ஆய்வு எழுத முடியாதது இதனால்தான்.

பலர் மனதில் ஒரு தொகையோடு, அதற்குள் 'இருந்தால் பார்க்கலாம்' என்ற ஓர் இடைவெளியோடுதான் வருகிறார்கள் என்று ஸ்டில்லி, இன்மன், வேக்ஃபீல்ட் 2010இல் காட்டினார்கள். அந்த இடைவெளி தீர்ந்த பிறகு அதே பார்வை அதே பலன் தருமென்று எதிர்பார்க்கக் கூடாது. எனவே ஒவ்வொரு பார்வைக்கும் அதுவரை கூடையில் சேர்ந்த தொகையையும் ஒரு பத்தியில் எழுதுவது வேண்டும்.

பகுப்பாய்வில் ஒரே எச்சரிக்கை. 30 பேர், ஆளுக்கு 200 பொருள் என்றால் 6000 வரிகள் வரும், ஆனால் அது 6000 தனித்தனி மனிதர்கள் அல்ல. ஆளுக்கும் பொருளுக்கும் தனி விலகல் விடும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையைப் பொருத்தாவிட்டால் இல்லாத தொடர்பெல்லாம் உறுதியாகத் தெரியும். பார்த்தும் வாங்காதவை கட்டாயம் அட்டவணையில் இருக்க வேண்டும்.

இடத்தை மாற்றிச் சோதிப்பது

பில் கவுண்டர் அருகே தின்பண்டம் வைப்பதைக் கட்டுப்படுத்திய பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளின் விற்பனையை 2018இல் ஒரு குழு ஆராய்ந்தது. இனிப்பு, சாக்லேட், சிப்ஸ் கொள்முதல் உடனே சுமார் 17 சதவீதம் குறைந்தது, ஓராண்டுக்குப் பிறகும் 15 சதவீதக் குறைவு நிலைத்தது. வேறு இடத்தில் அதே பொருள்கள் இருந்தும் இந்தக் குறைவு வந்தது கவனிக்கத்தக்கது. பார்வையை அளக்காத ஆய்வு அது, எனவே குறைந்தது கண்டுகொள்ளலா, காத்திருக்கும் நேரத்தின் திரும்பிப் பார்த்தலா என்று சொல்லாது.

அதைப் பிரிக்க, ஒரே கடையில் இரண்டு பொருள்வகையை ரேக் முனைக்கும் உள் ரேக்குக்கும் வாரம் மாற்றி வாரம் இடம் மாற்றிவைத்து, கண்ணாடிப் பதிவையும் முழுக் கடையின் பில் தரவையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மாற்றும் நாளில் பதிவு எடுக்கக் கூடாது. பழகிய வாடிக்கையாளர் காணாமல்போன பொருளைத் தேடும் பார்வை, புதிய இடத்தின் ஈர்ப்பு போலத் தோன்றிவிடும். தள்ளுபடிச் சீட்டு இரண்டு வாரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையெனில் அந்தச் சீட்டின் வேலையை இடத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். பிறகு ஒவ்வொரு வகைக்கும் மூன்று எண்கள்: கண்டுகொண்டவர்களின் பங்கு, கண்டுகொண்டவர்களில் திரும்பிப் பார்த்தவர்களின் பங்கு, திரும்பிப் பார்த்தவர்களில் பட்டியலில் இல்லாமல் வாங்கியவர்களின் பங்கு. முனைக்கு வந்தபோது முதல் எண் மட்டும் உயர்ந்தால் இடம் கண்ணைப் பிடித்திருக்கிறது, பொருள் மனதைப் பிடிக்கவில்லை. இரண்டாவது எண்ணும் சேர்ந்து உயர்ந்து மூன்றாவது மாறாமல் இருந்தால், கூடுதல் விற்பனை அதிகம் பேர் பரிசீலித்ததிலிருந்து வந்தது. மூன்றாவதே உயர்ந்தால் மட்டும், நின்ற தூரம், கூடையிலிருந்த தொகை, வரிசையின் நீளம் ஆகியவற்றுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.